முதல் பீஸின் விலை

ஈக்காட்டுத்தாங்கலில் ஏதாவது ஒரு லேத் பட்டறைக்குப் போய், ஒரு டிராயிங்கைக் கொடுத்து, "இந்த மாதிரி ஒரே ஒரு பீஸ் வேணும்" என்று கேட்டால், சொல்லும் விலை திகைக்க வைக்கும். அதே டிராயிங்கில் ஆயிரம் பீஸ் கேட்டால் ஒன்றின் விலை மளமளவென்று இறங்கிவிடும். ஏன் என்று டர்னர்கள் எல்லோருக்கும் தெரியும். முதல் பீஸுக்கு டிராயிங்கைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும், டூல் தேட வேண்டும், செட்டிங் போட வேண்டும், ஒன்றிரண்டு பீஸ் ரிஜெக்ட் ஆகும். ஒரு நாளே ஓடிவிடும். செட்டிங் நின்றபிறகு கை தானாக ஓடும். ஐநூறாவது பீஸ் சில நிமிட வேலை.

இந்தப் பட்டறைக் கணக்கை 1936இல் டி.பி. ரைட் என்ற அமெரிக்கப் பொறியாளர் விமானத் தொழிலில் அளந்து காட்டினார். செய்து முடித்த விமானங்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒரு விமானத்துக்குத் தேவைப்படும் உழைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்றார் அவர். பயணிகள் விமானம் என்னும் வியாபாரத்தின் தலையெழுத்தே இந்த ஒரு கணக்கில் இருக்கிறது.

ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோவில் ஏறினால் நான்காவது நிலையம் விமான நிலையம். அங்கே வந்து இறங்கும் பெரிய ஜெட் விமானங்களைக் கவனித்தால் கிட்டத்தட்ட எல்லாமே இரண்டே கம்பெனிகளின் தயாரிப்பு. ஒன்று ஐரோப்பாவின் ஏர்பஸ், மற்றது அமெரிக்காவின் போயிங். உலகம் முழுக்க இதே கதைதான். கார் செய்ய எத்தனையோ கம்பெனிகள், போன் செய்ய எத்தனையோ கம்பெனிகள். பெரிய பயணிகள் விமானத்துக்கு மட்டும் ஏன் இரண்டே பேர்?

ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் செய்து பழகிய கம்பெனியோடு புதிதாக வருபவர் போட்டி போட முடியாது என்பதே விடை. புதியவரின் முதல் நூறு விமானங்கள் நஷ்டத்தில்தான் போகும். வடிவமைப்பு தொடங்கி முதல் விமானம் விற்பனைக்கு வருவதற்குள் பத்து ஆண்டுகள் ஓடிவிடலாம். அத்தனை காலம் வருமானமில்லாமல் தாக்குப்பிடிக்க எந்த வங்கியும் கடன் தராது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடிய ஒரே கஜானா அரசாங்கத்துடையது. இன்று வானில் பறக்கும் பெரிய ஜெட் விமானம் எதை எடுத்துக்கொண்டாலும் அதன் பின்னால் ஏதோ ஒரு நாட்டு மக்களின் வரிப்பணம் இருக்கிறது.

அரசு உதவி என்பது ஈக்காட்டுத்தாங்கலுக்கு அந்நியமான விஷயமும் இல்லை. அதை ஒட்டிய கிண்டி தொழிற்பேட்டை 1958இல் காமராஜர் ஆட்சியில், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சராக இருந்தபோது தொடங்கியது. நிலத்தை அரசு எடுத்தது, ஷெட் கட்டியது, சாலையும் மின்சாரமும் கொண்டுவந்தது, சொந்தமாக நிலம் வாங்க முடியாத சிறு தொழில்முனைவோருக்கு இடம் கொடுத்தது. முதல் பீஸின் சுமையை அரசு கொஞ்சம் தாங்கிக்கொண்டது. அந்த உதவியில்தான் இந்தப் பகுதியில் ஒரு தலைமுறை தொழில் கற்றது.

கடன் கொடுத்த அரசுகள்

போயிங்குக்கு அமெரிக்க அரசு நேரடியாகப் பணம் எடுத்துக் கொடுத்ததில்லை என்று அந்நாட்டில் பெருமையாகச் சொல்வார்கள். வழி வேறாக இருந்தது. 1954இல் போயிங் பறக்கவிட்ட ஒரே சோதனை விமானத்திலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்று, வானிலேயே எரிபொருள் நிரப்பும் கே.சி.135 என்ற ராணுவ விமானம். மற்றொன்று, 707 என்ற பயணிகள் விமானம். முதல் வகையில் எழுநூறுக்கும் மேற்பட்டவற்றை அமெரிக்க விமானப்படை வாங்கிக்கொண்டது. செட்டிங் செலவில் பெரும்பங்கை ராணுவம் ஏற்றதால், 707 உலகச் சந்தைக்குத் தெம்போடு வந்தது.

ஐரோப்பியர்கள் வேறு பாதையில் போனார்கள். தனித்தனியாக நின்றால் பிரான்ஸும் ஜெர்மனியும் பிரிட்டனும் கரைந்துவிடும் என்று தெரிந்த பிறகு, 1970இல் ஏர்பஸ் பிறந்தது. அதற்கு அரசுகள் கொடுத்ததைத் 'தொடக்கக் கடன்' என்று சொல்லலாம். புதிய விமானத்தை உருவாக்கும் செலவில் ஒரு பகுதியை அரசு முன்பணமாகத் தரும். விமானம் விற்றால், விற்கும் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று கம்பெனி திருப்பிக் கட்டும். விற்காவிட்டால் பாக்கி அரசின் தலையில். கறவை மாடு வாங்கக் கடன் கொடுத்து, பால் பணத்தில் கழித்துக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு. மாடு கறக்காவிட்டால் நஷ்டம் கடன் கொடுத்தவருக்கு.

ஏர்பஸின் முதல் விமானமான ஏ300 தொடக்கத்தில் விற்கத் திணறியது. அந்த நாட்களில் அதை நம்பி வாங்கிய சிலரில் நம் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்று. 1976இலேயே அந்த விமானம் இந்திய வானில் பறந்தது. பின்னால் வந்த ஏ320க்கு, இறக்கை செய்யும் பங்குக்காக பிரிட்டன் அரசு 1984இல் 25 கோடி பவுண்ட் கொடுத்தது. ஏ320 வகை ஆயிரக்கணக்கில் விற்றது, பிரிட்டன் கொடுத்த பணமும் திரும்பி வந்தது. சென்னையிலிருந்து டெல்லிக்கு இண்டிகோவில் போகிறவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது இந்தக் குடும்பத்து விமானத்தில்தான்.

எல்லா மாடும் கறக்கவில்லை. இரண்டு அடுக்கு ராட்சத விமானமான ஏ380க்கும் அரசுகள் கடன் கொடுத்தன. பிரிட்டனின் பங்கு மட்டும் 53 கோடி பவுண்ட். 2007இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய அந்த விமானம் மொத்தம் 251தான் விற்றது. 2021 டிசம்பரில் கடைசி விமானம் எமிரேட்ஸ் கைக்குப் போனதோடு தயாரிப்பு முடிந்தது. பொறியியலில் அது அற்புதம். கடன் கணக்கில் தோல்வி.

பாலாடைக்கட்டிக்கு விழுந்த அடி

ஏர்பஸ் வளர வளர போயிங்குக்கு எரிச்சல் கூடியது. 1992இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. நேரடி அரசு உதவி, உருவாக்கும் செலவில் 33 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அதன் முக்கியமான விதி. 2004 அக்டோபரில் அமெரிக்கா அதிலிருந்து விலகி உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. ஐரோப்பா உடனே எதிர் வழக்குப் போட்டது.

வழக்கு 17 ஆண்டுகள் நடந்தது. முடிவில் இரண்டு பக்கமும் குற்றவாளிகள் என்றே தீர்ப்பு வந்தது. ஏர்பஸுக்குத் தரப்பட்ட தொடக்கக் கடன்களில் பல, சந்தை விதிகளுக்கு மாறான சலுகை என்று நிரூபணமானது. போயிங் பக்கம், நாசாவும் ராணுவமும் கொடுத்த ஆராய்ச்சிப் பணமும் வாஷிங்டன் மாநிலம் கொடுத்த வரிச் சலுகையும் தவறென்று தீர்ப்பானது. அந்த மாநிலம் 2013இல், புதிய போயிங் 777எக்ஸ் தங்கள் ஊரிலேயே உருவாக வேண்டும் என்பதற்காக 2040 வரை சுமார் 870 கோடி டாலர் வரிச் சலுகையை அறிவித்தது. ஒரு தனி விமானக் கம்பெனிக்காக ஒரு மாநிலம் அத்தனை தூரம் இறங்கியது.

2019இல் ஐரோப்பியப் பொருட்கள் மீது ஆண்டுக்கு 750 கோடி டாலர் அளவுக்கு வரி போட அமெரிக்காவுக்கு அனுமதி கிடைத்தது. உலக வர்த்தக அமைப்பின் வரலாற்றிலேயே பெரிய தொகை அது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவுக்கு ஏறக்குறைய 400 கோடி டாலருக்கு அனுமதி வந்தது. வரி விழுந்தது விமானத்தின் மீது மட்டுமா? பிரெஞ்சு ஒயின், ஸ்பெயின் ஆலிவ், இத்தாலியப் பாலாடைக்கட்டி, ஸ்காட்லாந்து விஸ்கி எல்லாவற்றின் மீதும் அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. பதிலுக்கு அமெரிக்க டிராக்டர் மீதும் புகையிலை மீதும் ஐரோப்பா வரி போட்டது. விமானத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆலிவ் விவசாயி தன் மரத்தடியில் நின்று இந்தச் சண்டைக்கு விலை கொடுத்தார். 2021 ஜூனில் இரு தரப்பும் ஐந்து ஆண்டுகளுக்கு வரிகளை நிறுத்தி வைத்துச் சமாதானம் பேசின. அதற்குள் இருவருக்கும் பொதுவான கவலை ஒன்று கிழக்கே, சீனாவில், வளர்ந்திருந்தது.

ஒரு கனடா விமானத்தின் கதை

நடுத்தர நாடு ஒன்று இந்த மல்யுத்தக் களத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவே பாடம். அங்கே பம்பார்டியர் கம்பெனி, நூறு முதல் நூற்றைம்பது பேர் போகக்கூடிய 'சி சீரிஸ்' என்ற நல்ல விமானத்தை வடிவமைத்தது. எரிபொருள் சிக்கனம், சத்தம் குறைவு, அகலமான இருக்கை. செலவு மட்டும் கையை மீறிப் போனது. 2015இல் கியூபெக் மாகாண அரசு 100 கோடி டாலர் போட்டு, அந்தத் திட்டத்தில் ஏறக்குறைய பாதிப் பங்கை எடுத்துக்கொண்டு அதைக் காப்பாற்றியது.

2016இல் அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் 75 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. மறு ஆண்டே போயிங் புகார் செய்தது. கனடா அரசின் பணத்தில் அடக்கவிலைக்குக் கீழே விற்கிறார்கள் என்பது புகார். அமெரிக்க வர்த்தகத் துறை ஏறக்குறைய 300 சதவீத வரியை விதித்தது. பத்து ரூபாய்ப் பொருள் நாற்பது ரூபாய் ஆனால் யார் வாங்குவார்கள்?

மூச்சுத் திணறிய பம்பார்டியர் 2017 அக்டோபரில் திட்டத்தின் பெரும்பான்மைப் பங்கை ஏர்பஸுக்கு, ரொக்க விலை எதுவும் வாங்காமல், ஒப்படைக்கச் சம்மதித்தது. மூன்று மாதம் கழித்து, 2018 ஜனவரியில், அமெரிக்காவின் வர்த்தக ஆணையமே போயிங்குக்கு இதனால் பாதிப்பு இல்லை என்று நான்குக்குப் பூஜ்யம் வாக்கில் புகாரைத் தள்ளிவிட்டது. நீதி வந்தபோது வீட்டுக்குப் பேரம் முடிந்திருந்தது. சி சீரிஸ் இப்போது ஏர்பஸ் ஏ220 என்ற பெயரில் பறக்கிறது. தன் போட்டியாளரை முடக்கப் போன போயிங், அந்த விமானத்தைத் தன் பெரிய எதிரியின் கையில் கொண்டுபோய்க் கொடுத்ததுதான் மிச்சம்.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு கதவு இருக்கிறது, சொல்லப்போனால் நிஜமான கதவு. ஏ220 விமானத்தின் கதவுகளைச் செய்துகொடுக்கும் ஒப்பந்தம் 2024இல் பெங்களூரின் டைனமேட்டிக் கம்பெனிக்குக் கிடைத்தது.

பணம் மட்டும் போதாது

அரசு பணம் கொடுத்தால் விமானம் வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. ஜப்பானின் மிட்சுபிஷி 2008இல் தொடங்கிய ஜெட் விமானத் திட்டத்துக்கு அந்நாட்டு அரசும் உதவியது. சான்றிதழ் பெறுவதில் தடுமாறி, தேதி தள்ளித் தள்ளிப் போய், 2023 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. தரத்துக்குப் பெயர்பெற்ற நாட்டுக்கே அந்தக் கதி.

இந்தோனேசியாவின் அனுபவம் இன்னும் வலியானது. பாண்டுங் நகரில் ஹபீபி என்ற பொறியாளரின் தலைமையில் வளர்ந்த அரசு விமானத் தொழிற்சாலை, என்250 என்ற உள்நாட்டு விமானத்தை 1995 ஆகஸ்ட் 10 அன்று பறக்கவிட்டது. நாடே கொண்டாடியது. இரண்டு ஆண்டில் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. கடன் கொடுத்த ஐ.எம்.எஃப். போட்ட நிபந்தனைகளில் ஒன்று, விமானத் திட்டத்துக்கு அரசு பணம் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்பது. பறந்த விமானம் தரையில் நின்றுவிட்டது.

சீனா அப்படி யாரிடமும் கையேந்த வேண்டியிருக்கவில்லை. 2008இல் ஷாங்காயில் கோமாக் கம்பெனியை அரசு தொடங்கியது. அதன் சி919 விமானம் 2017இல் முதன்முதலாகப் பறந்து, 2023 மே மாதம் பயணிகளை ஏற்றியது. அரசு சார்ந்த உதவி மட்டும் 4,900 கோடி முதல் 7,200 கோடி டாலர் வரை இருக்கலாம் என்று வாஷிங்டனின் சி.எஸ்.ஐ.எஸ். ஆய்வு மையம் கணக்கிட்டிருக்கிறது. அத்தனைக்குப் பிறகும் அதன் இன்ஜின் மேற்கத்திய நாடுகளிலிருந்துதான் வருகிறது. ஆனால் ஜப்பானிடமும் இந்தோனேசியாவிடமும் இல்லாத ஒன்று சீனாவிடம் இருந்தது. சொந்த நாட்டு விமான நிறுவனங்களிடமே நூற்றுக்கணக்கில் ஆர்டர் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு உள்ளூர்ச் சந்தை.

அந்தச் சந்தை நம்மிடமும் இருக்கிறது.

நாம் விட்ட இடம்

இந்தியா இந்தப் பாதையில் கால் வைக்காத நாடு என்று நினைத்தால் தவறு. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை தொடங்கியபோது மைசூர் சமஸ்தானம் பங்குப் பணம் போட்டது. இன்றைய எச்.ஏ.எல். அதிலிருந்து வந்தது. பிரிட்டனின் ஆவ்ரோ 748 விமானத்தை உரிமம் பெற்று கான்பூரில் செய்தார்கள். முதல் விமானம் 1961 நவம்பர் 1 அன்று பறந்தது. மொத்தம் 89 விமானங்கள் உருவாயின. அவற்றில் 17 இந்தியன் ஏர்லைன்ஸுக்குப் போய், மதுரை போன்ற ஊர்களுக்குப் பயணிகளைக் கொண்டுசென்றன. மீதி விமானப்படைக்கு.

1988இல் ஆவ்ரோ திட்டம் முடிந்தது. அதற்குப் பிறகு முழுமையான பெரிய பயணிகள் விமானம் எதையும் இந்தியா செய்யவில்லை. 19 பேர் போகும் டோர்னியர் 228 மட்டும் கான்பூரில் தொடர்ந்தது. பெங்களூரில் உருவான சாரஸ் என்ற சிறிய விமானம் 2004 மே மாதம் பறந்தது. 2009 மார்ச்சில் பிடதி அருகே சோதனைப் பறப்பில் விழுந்து விமானப்படை அதிகாரிகள் மூவர் உயிரிழந்தனர். அதன்பிறகு திட்டம் பல ஆண்டுகள் முடங்கியது. 2018இல்தான் மீண்டும் பறந்தது.

சாரஸை முடக்கியது அந்த விபத்து மட்டும் என்று சொல்ல முடியாது. எத்தனை விமானம் வாங்குவோம் என்று உறுதியாகச் சொல்லும் வாங்குபவர் அதற்குப் போதவில்லை. ரைட்டின் கணக்குப்படி எண்ணிக்கை ஏறாமல் விலை இறங்காது. விலை இறங்காமல் வாங்குபவர் வர மாட்டார்.

இதற்கு நேர் எதிரான காட்சி 2023இல் நடந்தது. பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் அறிவித்தன. ஐந்தே மாதத்தில் இந்தியா வாங்குவதாகச் சொன்னது 970 விமானங்கள். ஏர்பஸின் டூலூஸும் போயிங்கின் சியாட்டிலும் ஆண்டுக்கணக்கில் இயங்கும் அளவு வேலை.

அரசு நிறுவனமாக இருந்தபோது ஏர் இந்தியா 68 போயிங் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதற்கு ஈடாக, நாக்பூரில் ஒரு விமானப் பழுதுபார்ப்பு மையத்தைப் போயிங் கட்டிக்கொடுத்தது. இன்று வாங்குபவர்கள் தனியார். அவர்களுக்கு மலிவும் நேரத்துக்கு டெலிவரியும் முக்கியம். நாட்டுக்காகப் பேரம் பேச வேண்டிய வேலை அவர்களுடையது ஆகாது. அந்த வேலையை யார் செய்வது என்ற கேள்விக்கு டெல்லியில் இன்னும் தெளிவான பதில் இல்லை. 2025 அக்டோபரில் எச்.ஏ.எல்., ரஷ்யாவின் எஸ்.ஜே.100 விமானத்தை இங்கே செய்ய ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஆவ்ரோவுக்குப் பிறகு முதல் முழு பயணிகள் விமானம் என்று சொல்லப்படும் அது, ஒப்பந்தத் தாளிலிருந்து ஓடுதளத்துக்கு வர நிறைய தூரம் இருக்கிறது.

பட்டறை வரை வர வேண்டிய பணம்

முழு விமானம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. போயிங் 787இல் ஏறக்குறைய 23 லட்சம் பாகங்கள் இருக்கின்றன. அவை உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கம்பெனிகளில் உருவாகின்றன. ஏர்பஸும் போயிங்கும் தனித்தனியே இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் பாகங்களும் சேவைகளும் வாங்குகின்றன.

தமிழ்நாட்டுக்கு இதில் பழைய தொடர்பு உண்டு. ஓசூரில் தனேஜா ஏரோஸ்பேஸ் சொந்த ஓடுதளத்தோடு சிறு விமானங்களைச் செய்தது. கோவையில் நூற்பாலை இயந்திரங்களுக்குப் பெயர்போன எல்.எம்.டபிள்யூ. விமானப் பாகங்களும் செய்கிறது. 2019இல் தொடங்கிய ராணுவத் தொழில் வழித்தடம் சென்னை, கோவை, சேலம், ஓசூர், திருச்சி ஆகிய ஐந்து ஊர்களை இணைக்கிறது. 2022இல் மாநில அரசு கொண்டுவந்த வான்வெளி, பாதுகாப்புத் தொழில் கொள்கை பத்து ஆண்டில் 75,000 கோடி ரூபாய் முதலீட்டை இலக்காக வைத்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் இதற்கென்றே தனிப் பூங்கா உருவாகியிருக்கிறது.

பெரிய கம்பெனிகளுக்கு நிலமும் வரிச் சலுகையும் கிடைத்துவிடும். ஈக்காட்டுத்தாங்கலில் நான்கு சி.என்.சி. இயந்திரம் வைத்திருப்பவர் நிலை வேறு. கார் பாகத்தில் பீஸ் சரியாக இருந்தால் போதும். விமானப் பாகத்தில் அந்தக் கம்பி எந்த ஆலையில் உருகியது, யார் அறுத்தார், யார் அளந்தார் என்பது வரை காகிதம் இருக்க வேண்டும். ஏ.எஸ்.9100 என்ற தரச் சான்றிதழ், வெப்பச் சிகிச்சைக்கும் முலாமுக்கும் தனித்தனி அங்கீகாரம், பிறகு வாங்குபவரின் சோதனை என்று முதல் பில் போடுவதற்குள் ஆண்டுகள் போகும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி இந்தப் பகுதியை மூழ்கடித்தபோது, சேறு புகுந்த இயந்திரங்களைத் துடைத்து மறுபடி ஓட்டுவதற்கே பல பட்டறைகள் தவித்தன. ஒரு வெள்ளத்தையே தாங்கத் திணறும் பட்டறை, வருமானமில்லாத மூன்று ஆண்டை எப்படித் தாங்கும்?

ஏர்பஸுக்கு பிரிட்டன் கொடுத்த கடன், இங்கேதான் சிறிய வடிவில் தேவைப்படுகிறது. சான்றிதழுக்கும் சோதனைக்கும் அரசு முன்பணம் கொடுக்கட்டும். ஏற்றுமதி ஆர்டர் வந்தபின் பீஸுக்கு இவ்வளவு என்று திருப்பி வாங்கிக்கொள்ளட்டும். அளவுச் சோதனைக் கூடமும் முலாம் பூசும் வசதியும் தொழிற்பேட்டைக்குப் பொதுவாக இருக்கட்டும். 1958இல் ஷெட் கட்டிக் கொடுத்தது போலத்தான் இதுவும். உள்நாட்டு விமானத் திட்டம் என்றால், முதல் ரூபாய் போடும் முன்பே எத்தனை விமானம் வாங்குவோம் என்று விமானப்படையும் விமான நிறுவனங்களும் கையெழுத்துப் போட வேண்டும். காலக்கெடு வேண்டும், கணக்கு நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும். வாங்குபவர் இல்லாத திட்டத்துக்கு வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் ஊற்றுவதுதான் சாரஸ் நமக்குக் கொடுத்த கசப்பான அனுபவம்.

970 விமானங்களில் பெரும்பாலானவை இன்னும் டெலிவரி ஆகவில்லை. ஆண்டுக்கணக்கில் அவை வந்துகொண்டே இருக்கும். அவற்றின் பாகங்களில் எத்தனை இந்தியாவில் உருவாக வேண்டும் என்று கேட்க இதைவிடச் சாதகமான நேரம் கிடைக்காது. மத்திய அரசும் மாநில அரசும் கேட்க வேண்டும், இப்போதே கேட்க வேண்டும்.